கூம்புச் சர்க்கரையும் வாய் வளைந்த குறடும்

லண்டன், பாஸ்டன் போன்ற ஊர்களின் பழம்பொருள் கடைகளில் ஒரு எஃகுக் கருவி அடிக்கடி கண்ணில் படும். நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். முதல் பார்வைக்குக் குறடு என்றுதான் தோன்றும். கையில் எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. குறட்டின் வாய் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். இதன் அலகுகள் இரண்டும் ரிவெட் அடித்த இடத்திலிருந்து நீண்டு, வெளிப்பக்கம் வளைந்து, மறுபடி உள்ளே திரும்பி நுனியில் ஒன்றையொன்று தொடுகின்றன. தொடும் இடத்தில் அகன்ற, மெல்லிய கூர்முனை. நுனிகள் மூடியிருக்கும்போதும் அலகுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது.

கைப்பிடிகளுக்கு இடையில் ஒரு பட்டை ஸ்பிரிங். பிடியைத் தளர்த்தினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பிடிகளின் கடைசியில் சின்னக் கொக்கி ஒன்று. அதை மாட்டிவிட்டால் வாய் மூடியே கிடக்கும். ஒரு பிடியின் உட்புறத்தில் ஒரு முளை துருத்திக்கொண்டு நிற்கும். நல்ல கொல்லர் செய்ததாக இருந்தால் ரிவெட்டைச் சுற்றி அரத்தால் நுணுக்கமாகப் பூவேலை செய்திருப்பார்.

பெயர்ச்சீட்டு இல்லாமல் இதைப் பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு யூகம் சொல்வார்கள். குதிரைக்கு லாடம் அடிப்பவரின் கருவி, அந்தக் கால வைத்தியர் பல் பிடுங்கியது, அடுப்பிலிருந்து கரி எடுத்தது, வாதுமைக் கொட்டை உடைத்தது என்று பட்டியல் நீளும். நம் ஊர்க்காரர் பார்த்தால் பாக்குவெட்டி என்பார். ஒவ்வொன்றிலும் ஒரு துளி நியாயம் உண்டு. எதுவும் முழுக்கப் பொருந்தாது.

பெயர் தெரியாத கருவியை அடையாளம் காண அதன் உடம்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரு கருவியில் காரணமில்லாத வளைவு அபூர்வம். இரும்பு விலை மதிப்புள்ளதாக இருந்த காலத்தில், கையால் அடித்துச் செய்த பொருளில், இன்னும் அபூர்வம். ஆகவே ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கேள்வி கேட்கலாம்.

கூர்முனைகள் எப்படிச் சந்திக்கின்றன? கத்திரிக்கோலில் ஒரு அலகு மற்றதை உரசிக் கடந்துபோகும். பாக்குவெட்டியில் மேலே வெட்டும் அலகு, கீழே தாங்கும் அலகு. இதிலோ இரண்டும் சமம். கூரும் கூரும் நேருக்கு நேர் முட்டி நிற்கின்றன. சீவுவதற்கு இப்படி ஒரு அமைப்பு தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கடித்து, நடுவில் விரிசல் விட வைப்பதற்கே இது. அப்படியானால் வேலை செய்யப்பட்ட பொருள் கடினமானது. அழுத்தினால் நசுங்காமல் தெறித்து உடைவது.

அலகுகள் ஏன் வில்லாக வளைந்திருக்கின்றன? பருமனான ஒன்றின் விளிம்பைக் கடிக்க வேண்டியிருந்தது. அலகின் நடு உடல் அதில் இடித்துவிடக் கூடாது. ஸ்பிரிங் எதற்கு? ஒரு தரம் வெட்டி முடிகிற வேலைக்கு ஸ்பிரிங் வேண்டாம். இது திரும்பத் திரும்ப, ஒரு கையாலேயே செய்யும் வேலை. மற்றக் கை பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தது. முளை எதற்கு? பொருள் திடீரென்று உடையும்போது பிடிகள் படாரென்று மோதும். நடுவில் முளை தடுப்பதால் விரல் தப்பிக்கும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. கூர்முனைகளில் கம்பி வெட்டிய பள்ளம் இல்லை. நெருப்பில் வாட்டிய கருமை இல்லை. பூவேலையோ, விருந்தாளிகள் கண்ணில் படும் இடத்தில் இது இருந்தது என்கிறது. பட்டறைக் கருவிக்கு யாரும் பூப்போட மாட்டார்கள்.

ஆக, நாம் தேடுவது ஒரு வீட்டுப் பொருள். கல்போல் கடினமானது, பருமனானது, சிறு சிறு துண்டாக உடைத்துப் பயன்படுத்தப்பட்டது, வரவேற்பறைக்கு வரத் தகுதியானது. இந்த அடையாளங்கள் எல்லாம் பொருந்துகிற பொருள் ஒன்றே ஒன்றுதான். சர்க்கரை.

இந்தக் கருவியின் பெயர் ஷுகர் நிப்பர்ஸ். சர்க்கரைக் குறடு என்று வைத்துக்கொள்ளலாம். இன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதற்குக் காரணம் நம் அறியாமை அல்ல. சர்க்கரை ஒரு காலத்தில் கல்லாக இருந்தது என்பதை உலகத்தின் பெரும்பகுதி மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

கல்லான சர்க்கரை

கரும்பு முதலில் பயிரானது நியூகினித் தீவில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன். அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக இந்தியாவுக்கு வந்தது. தமிழ் நாட்டுக்கு அதை முதலில் கொண்டுவந்த பெருமையை அதியமானின் முன்னோருக்குத் தருகிறது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு. சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலையிலும் இந்தியா முந்திக்கொண்டது. குப்தர் காலத்துக்குள் அது இங்கே நிலைபெற்றிருந்தது. 647-இல் சீனப் பேரரசர் தாய்சோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாறு குறிக்கிறது.

பிறகு பாரசீகர்களும் அரேபியர்களும் அந்தக் கலையை மேற்கே கொண்டுபோனார்கள். எகிப்திலும் சிரியாவிலும் பெரிய ஆலைகள் எழுந்தன. நம் கதைக்குத் தேவையான கூம்பு வடிவமும் அந்தப் பகுதியில்தான் வேரூன்றியது. சைப்ரஸ் தீவின் கூக்லியாவில் இடைக்காலச் சர்க்கரை ஆலை ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கூம்பு வடிவ மண் அச்சுகளும், அவற்றைத் தாங்கி நின்ற ஜாடிகளும் அங்கே கிடைத்தன.

ஏன் கூம்பு? காரணம் கழிவுப்பாகு. காய்ச்சிய பாகு ஆறும்போது படிகங்கள் உருவாகும். ஆனால் அவற்றுக்கு இடையில் கரும்பழுப்பான, படிகமாகாத மொலாசஸ் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை வெளியேற்றினால்தான் சர்க்கரை வெளுக்கும். இயந்திரமில்லாத காலத்தில் அதற்கு இருந்த ஒரே சக்தி பூமியின் ஈர்ப்பு. கூம்பைத் தலைகீழாக, குறுகிய முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, முனையில் ஒரு சிறு துளை வைத்தால், எல்லாச் சரிவும் அந்தத் துளையை நோக்கியே பாகைக் கொண்டுபோகும். மூலை முடுக்கு இல்லாததால் பாகு எங்கும் தங்காது. படிகம் இறுகியதும் கவிழ்த்துத் தட்டினால் முழுசாகக் கழன்று வரும்.

ஐரோப்பாவின் சுத்திகரிப்பு ஆலைகள் இந்த முறையைப் பல நூற்றாண்டுகள் பின்பற்றின. முதலில் வெனிஸ், அப்புறம் ஆன்ட்வெர்ப், 1585-இல் ஆன்ட்வெர்ப் வீழ்ந்தபின் ஆம்ஸ்டர்டாம். லண்டனில் முதல் ஆலை 1544-இல் வந்தது. பின்னாளில் கிழக்கு லண்டனின் ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள்.

அங்கே என்ன நடந்தது என்று கிட்டப்போய்ப் பார்க்கலாம். கரீபியன் தீவுகளிலிருந்து பீப்பாய்களில் வந்த பழுப்புச் சர்க்கரையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைப்பார்கள். அதில் மாட்டு ரத்தமோ முட்டை வெள்ளைக்கருவோ சேர்த்துச் சூடாக்குவார்கள். சூட்டில் ரத்தத்தின் புரதம் திரண்டு, அழுக்கையெல்லாம் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வரும், வழித்துவிடுவார்கள். தெளிந்த கரைசலைத் துணியில் வடித்து, பதம் வரும்வரை சுண்டக் காய்ச்சி, வரிசையாகத் தலைகீழாக நிற்கும் மண் அச்சுகளில் ஊற்றுவார்கள். இறுகியதும் கீழ்த் துளையைத் திறந்தால் மொலாசஸ் சொட்டத் தொடங்கும்.

சொட்டி முடிந்த பின்னும் கூம்பில் பழுப்பு மிச்சமிருக்கும். அதற்கு ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். வெள்ளைக் களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துக் கூம்பின் அகன்ற வாயில் மேலாக அப்பிவிடுவார்கள். களிமண்ணிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து சர்க்கரைக்குள் இறங்கி, படிகங்களை அதிகம் கரைக்காமல், அவற்றின்மேல் ஒட்டிய பழுப்பைக் கழுவிக்கொண்டு கீழே போகும். நேரடியாகத் தண்ணீர் ஊற்றினால் சர்க்கரையே கரைந்துபோகும். ஈரத்தைச் சிறுகச் சிறுக விடும் களிமண்தான் இங்கே சூட்சுமம். இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். நாள் கணக்கில் ஆரம்பித்து வாரக் கணக்கில் போகும் வேலை. கடைசியில் கூம்பைக் கழற்றி, சூடான அறையில் உலர்த்தி, பழுப்பு தேங்கிய முனையைச் சீவி, நீலக் காகிதத்தில் சுற்றுவார்கள். நீலத்தின் பக்கத்தில் வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரியும். சிக்கனமான இல்லத்தரசிகள் அந்தக் காகிதத்தையும் வீசவில்லை. ஊறவைத்துச் சின்னத் துணிகளுக்குச் சாயம் ஏற்றினார்கள்.

கழுவும்போது இறங்கிய நீரில் கொஞ்சம் சர்க்கரையும் கரைந்திருக்கும். அது படிகங்களின் இடுக்குகளில் தங்கி, உலரும்போது அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அதனால்தான் கூம்பு பாறையாயிற்று. சில ராத்தல் எடையுள்ள சின்னக் கூம்பு உயர்ந்த ரகம். முப்பது ராத்தலைத் தாண்டும் பெரிய கூம்பு மட்ட ரகம். சின்னதோ பெரியதோ, கத்தி எதிலும் இறங்காது.

வீட்டுக்குள் நடந்தது

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு கூம்புச் சர்க்கரை வீட்டுக்கு வந்தால், உடைப்பதே ஒரு தனி வேலை. பெரிய கூம்பாக இருந்தால் முதலில் சுத்தியலும் வெட்டுக்கத்தியும் வரும். தடிமனாகப் பெயர்த்தெடுத்த பாளங்களைச் சமையலறைப் பலகையில் வைத்துக் குறட்டால் கடிப்பார்கள். வசதியான வீடுகளில் சமையலறைக்கென்று கனமான குறடு ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பிடி மரக்கட்டையில் பதித்திருக்கும், மேல்பிடியை மட்டும் அழுத்தினால் போதும். அதைவிட இலகுவான, பூவேலை செய்த கைக்குறடு தேநீர் மேசைக்கு.

கையால் கடிக்கும் முறை எளிது போலத் தோன்றும். செய்துபார்த்தால் அதில் ஒரு பக்குவம் இருப்பது புரியும். பாளத்தின் நடுவில் கடித்தால் ஒன்றும் நடக்காது. விளிம்பிலிருந்து சிறிது உள்ளே தள்ளிக் கூர்முனைகளை வைத்து, சீராக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் சர்க்கரை சட்டென்று விட்டுக்கொடுக்கும். அப்போது ஒரு துண்டு தெறிக்கும், பொடி உதிரும். முளை இல்லாத குறடாக இருந்தால் இரண்டு பிடிகளுக்கும் நடுவில் உள்ளங்கைத் தோல் மாட்டிக்கொள்ளும். துண்டின் முனைகள் கூரானவை, விரலைக் கிழிக்கும். கோப்பைக்குப் பொருத்தமான அளவில், ஒன்றுபோல் மற்றொன்று வரும்படி கடித்தெடுப்பது பழகிய கையால்தான் முடியும்.

உதிர்ந்த பொடியும் வீணாகவில்லை; பலகாரத்துக்குப் போனது. அந்தக் காலத்துச் சமையல் புத்தகங்கள், சர்க்கரையை இடித்துச் சலித்துச் சேர்க்கச் சொல்வது இதனால்தான். கட்டிச் சர்க்கரையால் மட்டுமே முடிகிற வேலையும் ஒன்று இருந்தது. எலுமிச்சைத் தோலின் மேல் ஒரு கட்டியை வைத்துத் தேய்த்தால், தோலின் எண்ணெய் முழுவதையும் அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கட்டியை அப்படியே பானத்தில் போட்டுக் கரைப்பார்கள். தூள் சர்க்கரை வந்தபின் இந்தப் பழக்கமும் தேய்ந்தது.

சர்க்கரை அப்போது விலை உயர்ந்த சரக்கு. தேயிலைப் பெட்டிக்குப் பூட்டு இருந்ததுபோல, சர்க்கரையும் வீட்டுத் தலைவியின் கண்காணிப்பில் இருந்தது. விருந்தாளிகள் எதிரில் பளபளக்கும் எஃகுக் குறட்டை எடுத்துவைப்பது, எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை உண்டு என்று காட்டுவதற்கும்தான். பூவேலையின் காரணம் அதில் இருக்கிறது.

ஆனால் விலை இறங்கிக்கொண்டே வந்தது. பழக்கம் ஏறிக்கொண்டே போனது. 1700-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 4 ராத்தல் சர்க்கரை செலவானது. 1800-இல் அது சுமார் 18 ராத்தல். தேநீரும் சர்க்கரையும் சேர்ந்து, பணக்காரர் மேசையிலிருந்து இறங்கித் தொழிலாளி வீட்டுக்குள் வந்துவிட்டன. குறடும் கூடவே இறங்கி வந்தது. இன்றுவரை இத்தனை குறடுகள் மிஞ்சியிருப்பதற்கு அதுவே காரணம்.

குறட்டின் மறுமுனை

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் அது பாதிக் கதைதான். கருவியின் வாயில் கடிபட்ட பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கருவியை அடையாளம் கண்டுவிட்டோம் என்று சொல்ல முடியாது.

அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு பிரேசில், பார்படாஸ், ஜமைக்கா, ஹைத்தி போன்ற இடங்களிலிருந்து வந்தது. அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரையிறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கொண்டுபோய் விடப்பட்டது பிரேசிலிலும் கரீபியன் தீவுகளிலும். அங்கே அவர்கள் உழைப்பை உறிஞ்சிய பயிர்களில் முதலிடம் கரும்புக்கு. வெட்டிய கரும்பை உடனே பிழிந்தாக வேண்டும். தாமதித்தால் சாறு புளித்துப்போகும். அறுவடைக் காலத்தில் ஆலைகள் இரவும் பகலும் ஓடின. தூக்கக் கலக்கத்தில் உருளைகளுக்கு இடையில் கை மாட்டிக்கொண்டால் இழுபட்டு உடலும் போய்விடும் என்பதால், கையை வெட்டிவிட ஒரு கோடரியைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். லண்டன் மேசையில் ஒரு குறடும், கரீபியன் ஆலையில் ஒரு கோடரியும் ஒரே சரக்கின் இரண்டு முனைகளில் இருந்தன.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் தீர்மானம் 1791-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றபோது, வில்லியம் ஃபாக்ஸ் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்காதீர்கள் என்பதே அதன் வேண்டுகோள். சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டுவிட்டதாக அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தாமஸ் கிளார்க்சன் கணித்தார். இந்த இயக்கத்தில் பெண்களின் பங்கு பெரிது. நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் வீட்டில் எந்தச் சர்க்கரையை உடைப்பது, உடைக்கவே வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. அடுத்த தலைமுறையில், அடிமைகள் உழைப்பில் விளையாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்கள் தேநீர் மேசைக்கு வந்தன. அப்படிப்பட்ட கிண்ணங்கள் பிரிட்டிஷ் மியூசியம் உட்பட பல இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கரும்பு முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். அப்போது அவர்கள் கண் இந்தியாவின் மேல் விழுந்தது. ஒப்பந்தக் கூலி முறையில் 1834 முதல் மொரீஷியசுக்கு ஆள் போகத் தொடங்கியது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புக் காடுகளுக்குப் போன முதல் இந்தியர்கள் அதில்தான் இருந்தார்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் நிறைந்த கப்பல் அது. 1903 முதல் சென்னையிலிருந்து ஃபிஜித் தீவுக்கும் கப்பல்கள் போயின. அங்கே நம் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டுத்தான் பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' பாடினார்.

கன சதுரம் வந்தது

குறட்டின் முடிவு மொராவியாவில் தொடங்கியது. இன்றைய செக் நாட்டின் பகுதி அது. அங்கே கரும்பு விளையாது. ஆனால் பீட்ரூட் இனத்துக் கிழங்கில் கரும்பில் உள்ள அதே சர்க்கரை இருப்பதை 1747-இலேயே பெர்லினில் ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப் நிரூபித்துவிட்டார். அவர் மாணவர் ஃபிரான்ஸ் ஆகார்டு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலீசியாவில் முதல் கிழங்குச் சர்க்கரை ஆலையை நிறுவினார். நெப்போலியன் காலத்துக் கடல் முற்றுகையால் தீவுச் சர்க்கரை வராமல்போகவே, ஐரோப்பா முழுக்க இந்த ஆலைகள் முளைத்தன. கிழங்கிலிருந்து வந்தாலும் சர்க்கரை கூம்பாகவே வார்க்கப்பட்டது. குறட்டின் வேலை குறையவில்லை.

மொராவியாவில் டாச்சிட்செ என்ற சிற்றூரில் இருந்த ஆலைக்கு யாகோப் கிறிஸ்டோஃப் ராட் இயக்குநர். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1841-இல் அவர் மனைவி யூலியானா கூம்புச் சர்க்கரையை உடைக்கும்போது விரலைக் காயப்படுத்திக்கொண்டார்; உடைக்கத் தேவையில்லாத சர்க்கரையைச் செய்யக் கூடாதா என்று கணவரைக் கேட்டார் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. சில மாதங்களில் ராட் ஒரு பெட்டியை மனைவிக்குப் பரிசளித்தார். உள்ளே வெள்ளையும் சிவப்புமாக 350 சர்க்கரைக் கட்டிகள். 1843 ஜனவரி 23 அன்று அவருக்கு அதற்கான காப்புரிமை கிடைத்தது.

ராட் செய்தது என்ன? கூம்புச் சர்க்கரையைத் துருவி, லேசாக ஈரப்படுத்தி, சதுரக் குழிகள் கொண்ட அச்சில் அழுத்தி, உலர்த்தினார். கூம்பைப் பாறையாக்கிய அதே ஈரமும் உலர்வும், இப்போது கட்டிகளை ஒட்டவைக்க உதவின. வீட்டில் ஒவ்வொருத்தியும் செய்துகொண்டிருந்த வேலையை ஆலைக்குள் கொண்டுபோய் ஒரே தடவையில் முடித்துவிட்டார். ஆலை நின்ற இடத்தில் இன்று வெள்ளைக் கருங்கல்லில் ஒரு கன சதுர நினைவுச் சின்னம் இருக்கிறது.

ராட் காட்டிய வழியைப் பெரிய அளவுக்கு எடுத்துச் சென்றவர் கொலோனைச் சேர்ந்த ஆய்கன் லாங்கன். பெட்ரோல் எஞ்சினுக்கு வழிவகுத்த நிக்கோலாஸ் ஓட்டோவின் தொழில் கூட்டாளியும் இவரே. லாங்கனின் முறைக்கான உரிமையை 1875-இல் வாங்கினார் லிவர்பூல் வணிகர் ஹென்றி டேட். 1878-இல் லண்டன் சில்வர்டவுனில் அவருடைய ஆலை கட்டிச் சர்க்கரையை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதில் சேர்த்த செல்வத்தில் எழுந்ததுதான் 1897-இல் திறந்த டேட் ஓவியக் கூடம்.

ஆனால் குறட்டை முழுசாக வீட்டைவிட்டு வெளியேற்றியது கட்டியைவிடத் தூள் சர்க்கரைதான். 1812-ஐ ஒட்டி எட்வர்ட் சார்ல்ஸ் ஹோவர்ட் வெற்றிடச் சட்டியைக் கண்டுபிடித்தார். காற்றை உறிஞ்சிவிட்ட மூடிய சட்டியில் பாகு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கருகாது, படிகங்கள் சீராக வளரும். 1850-களில் மையவிலக்கு இயந்திரம் சர்க்கரை ஆலைகளில் பரவியது. துளையிட்ட உருளைக்குள் போட்டு வேகமாகச் சுழற்றினால் மொலாசஸ் வெளியே தெறித்துவிடும். படிகம் உள்ளே நின்றுகொள்ளும். களிமண்ணும் கூம்பும் வாரக் கணக்கில் செய்ததை அது நிமிடங்களில் செய்தது. கூம்பு வடிவம் இருந்ததே மொலாசஸை வடிய விடுவதற்குத்தான். வடிய விட வேண்டிய தேவை போனதும் கூம்பு போனது. கூம்பு போனதும் குறடு போனது. 1874-இல் பிரிட்டன் சர்க்கரை மேல் இருந்த வரியை எடுத்துவிட்டபின், கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரை ஏழை வீட்டிலும் இருந்தது.

இரண்டு தலைமுறை கடந்தால் போதும். பாட்டி தினமும் பிடித்த கருவி பேத்திக்குப் புதிராகிவிடும். குறடு கெட்டுப்போகவில்லை, மழுங்கவும் இல்லை. அது கடித்த பொருள் உருமாறியது. அதனால் குறட்டின் பெயரும் மறந்துபோனது.

இன்னும் உடைக்கிறவர்கள்

கூம்புச் சர்க்கரை உலகத்தைவிட்டே போய்விடவில்லை. ஈரானில் அது இன்றும் கடையில் கிடைக்கிறது. அதை உடைக்கத் தனிக் கருவியும் வீடுகளில் உண்டு. ஒரு துண்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீர் குடிப்பது அவர்கள் வழக்கம். திருமணத்தில் மணமக்கள் தலைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, பெண்கள் மாறி மாறி இரண்டு சர்க்கரைக் கூம்புகளை உரசுவார்கள். உதிரும் இனிப்பு தம்பதிக்கு வாழ்த்து. மொராக்கோவில் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் கூம்புச் சர்க்கரை கொண்டுபோவது மரியாதை. ஜெர்மனியில் குளிர்கால விழாவின்போது, சூடான மசாலா ஒயின் மேல் கூம்புச் சர்க்கரையை நிறுத்தி, ரம் ஊற்றிக் கொளுத்திச் சொட்ட விடுகிறார்கள். ரியோ டி ஜெனீரோவின் துறைமுக வாசலில் நிற்கும் மலைக்குப் போர்ச்சுக்கீசியர் சர்க்கரைக் கூம்பு என்று பெயர் வைத்தபோது, அந்த வடிவத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சர்க்கரை என்றாலே எல்லார் மனத்திலும் அந்த உருவம்தான்.

ஈரானியப் பெண் ஒருத்தியிடம் பழைய ஆங்கிலக் குறட்டைக் காட்டினால் அவள் யோசிக்கவே மாட்டாள். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய கருவி தன்னளவில் புதிரானது அல்ல. அது வேலை செய்த பொருளையும் அந்த வேலையைத் தெரிந்த கையையும் அதனிடமிருந்து பிரித்துவிட்டோம், அதனால் புதிராகிறது. எனவே அடையாளம் தெரியாத கருவி கிடைத்தால், இது எதைப்போல் இருக்கிறது என்று கேட்பது போதாது. இதன் வாயில் எது இருந்தது, அது மிருதுவானதா கடினமானதா, எந்த வடிவத்தில் வந்தது, யார் கொண்டுவந்தார், ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்க வேண்டும். சர்க்கரைக் குறட்டிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டதில் மகதமும் சைப்ரஸும் பார்படாஸும் டர்பனும் பதிலாக வந்தன. அதைப் பல் பிடுங்கும் குறடு என்று சொல்லி நிறுத்தியிருந்தால் இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்காது.

நம் பக்கத்திலும் இதே மறதி நடந்துகொண்டிருக்கிறது. பனையேறியின் கையிலிருந்த, பாளையை இடுக்கி நசுக்கும் மரக்கருவி; ஓலைச்சுவடியில் எழுதிய எழுத்தாணி; கமலை இறைத்த கிணற்று மேட்டிலிருந்து கழற்றி வைத்த உருளை. இவற்றில் பல, வீட்டுப் பரணிலோ அருங்காட்சியக அலமாரியிலோ பெயர் மட்டும் தாங்கிக் கிடக்கின்றன; சில பெயரும் இல்லாமல். எழுத்தாணி எதற்கென்று நமக்குத் தெரியும், ஆனால் ஓலையைக் கிழிக்காமல் அதை எந்தக் கோணத்தில் பிடித்தார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருப்பார்கள். பனைக் கருவியின் கதை இன்னும் அவசரமானது. அதைப் பிடித்த கைகள் இன்றும் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் இருக்கின்றன, வயதாகிக்கொண்டு இருக்கின்றன.

கருவியைப் பாதுகாக்க எண்ணெய் தடவி வைத்தால் மட்டும் போதாது. அதைப் பிடித்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் பெயர், அது செய்த வேலை, எந்தப் பொருளின்மேல் செய்த வேலை, எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் கை காயப்படும் என்று கேட்டு எழுதி, அந்தச் சீட்டைக் கருவியோடு கட்டிவைக்க வேண்டும். பிடித்துக் காட்டச் சொல்லி ஒரு படமும் எடுத்துவைக்கலாம். ஒரு மாலைப் பொழுதின் வேலை. இப்போது செய்யாவிட்டால் பின்னாளில் ஒரு ஆய்வாளர் ஒரு தேய்மானத்தையும் ஒரு வளைவையும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். அப்போதும் விடை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.